இதய நோய் இருக்கிறவங்க மெக்னீசியம் மாத்திரை எடுத்துக்கலாமா? யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து? முழு விளக்கம்

தூக்கம் வரலையா? மெக்னீசியம் சாப்பிடுங்க. ராத்திரி கால் பிடிச்சு இழுக்குதா? மெக்னீசியம். பி.பி. குறையணுமா, நெஞ்சு படபடப்பு நிக்கணுமா? அதுக்கும் மெக்னீசியம்தான்! ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று எதைத் திறந்தாலும் இப்போது இந்த அறிவுரைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் சீட்டு இல்லாமலேயே மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் மாத்திரை இது. "சத்து மாத்திரைதானே, என்ன ஆகிடப் போகுது?" என்று வாங்கிப் போடுபவர்கள் நிறைய பேர். ஆனால் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயத்தில் இது அவ்வளவு எளிதான கேள்வி அல்ல. இவர்களில் சிலருக்கு மெக்னீசியம் நிஜமாகவே தேவைப்படும். வேறு சிலருக்கு அதே மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்போ யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும்.
- அளவு சரியாக இருப்பவர்கள் கூடுதலாக மாத்திரை சாப்பிட்டால் ஹார்ட் அட்டாக் வராது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.
- கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.
- வாங்குவதற்கு முன் மெக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகிய மூன்று பரிசோதனைகளும் முக்கியம்.

மெக்னீசியம் உடம்புல என்ன வேலை செய்யுது?

ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தமாகச் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தசை உள்ளிட்ட செல்களுக்குள் இருக்கும். ரத்தத்தில் ஓடுவது 1 சதவீதத்துக்கும் குறைவு.

தசை சுருங்கி விரிவது, நரம்பு வழியாகத் தகவல் போவது, சர்க்கரையைச் சக்தியாக மாற்றுவது என நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு இது தேவை. சாப்பாட்டில் இருந்து குடல் இதை எடுத்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் இருந்தால் கிட்னி சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும், குறைந்தால் அதே கிட்னி வெளியே விடாமல் பிடித்து வைக்கும். இந்தக் கணக்கு வழக்கு முழுவதையும் பார்ப்பது கிட்னிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பகுதிக்கு இது ரொம்ப முக்கியம்.

இதயத்துக்கும் மெக்னீசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதயம் துடிப்பது ஒரு மின்சார வேலை. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை இதயச் செல்லுக்குள் போவதும் வெளியே வருவதும்தான் ஒவ்வொரு துடிப்பும். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் பம்ப் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வதும் மெக்னீசியம்தான்.

மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் கிட்னி பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே விட ஆரம்பிக்கும். அப்போது பொட்டாசியம் மருந்து எவ்வளவு கொடுத்தாலும் அளவு ஏறாது. முதலில் மெக்னீசியத்தைச் சரி செய்தால்தான் பொட்டாசியமும் சரியாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் இதயத் துடிப்பில் ஆபத்தான கோளாறுகள் வரலாம்.

அதில் ஒன்று 'டோர்சாட் டி பாயின்ட்' என்ற வகை. இ.சி.ஜி.யில் கோடுகள் முறுக்கிக்கொண்ட கயிறு மாதிரி தெரியும். 1966-ல் பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் டெசர்டென் இதை முதலில் விவரித்தார். இதற்கு மருத்துவமனைகளில் இன்றும் முதலில் கொடுப்பது ரத்தக்குழாய் வழியாக மெக்னீசியம் சல்ஃபேட்தான்.

ஆக, "மெக்னீசியம் இதயத்துக்கு முக்கியம்" என்று ரீல்ஸில் சொல்வது பொய் இல்லை. ஆனால் அதிலிருந்து "அப்போ எல்லா இதய நோயாளியும் மாத்திரை போடணும்" என்று தாவுவதில்தான் சிக்கல்.

யாருக்கெல்லாம் குறைய வாய்ப்பு அதிகம்?

இதய நோயாளிகளுக்கு மெக்னீசியம் குறைவதற்கு நோயைவிட, அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளே பல நேரம் காரணமாகிவிடும்.

சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள்: ஹார்ட் ஃபெயிலியரில் கால் வீக்கம், மூச்சுத் திணறலுக்காகக் கொடுக்கும் ஃபுரோசமைடு, டோர்சமைடு போன்றவை நீரோடு சேர்த்து மெக்னீசியத்தையும் வெளியேற்றும். "நான் அந்த மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிடலையே" என்கிறீர்களா? உங்கள் பி.பி. மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அதுவும் இதே வகைதான். பல பி.பி. மாத்திரைகளில் இது இன்னொரு மருந்தோடு கலந்தே வருகிறது.

கேஸ் மாத்திரைகள்: பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் என்று காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே, அவற்றை நீண்ட காலம் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் எச்சரித்தது. ஓராண்டுக்கு மேல் சாப்பிடுபவர்களிடம்தான் இது அதிகம். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதவில்லை, கேஸ் மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது என்கிறது அந்த எச்சரிக்கை.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுப்பார்கள். அவை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க பலருக்குக் கேஸ் மாத்திரையும் சேர்த்து எழுதுவார்கள். இதோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் மெக்னீசியம் குறையும். இப்படிப்பட்டவர்கள் அடுத்த செக்-அப்பில் மெக்னீசியம் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. அதுக்காக இந்த மாத்திரைகளை நீங்களா நிறுத்திடாதீங்க. அது இன்னும் பெரிய ஆபத்து.

மற்ற காரணங்கள்: கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தினமும் மது அருந்துவது, நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிட முடியாத முதுமை.

அறிகுறி என்ன? டெஸ்ட்டில் தெரியுமா?

லேசாகக் குறைந்தால் வெளியே எதுவும் தெரியாது. கொஞ்சம் அதிகமாகக் குறையும்போது பசியின்மை, குமட்டல், அசதி, தசை துடிப்பது, கை கால் மரத்துப்போவது போன்றவை வரலாம். ரொம்பக் குறைந்தால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும்.

ஆனால் அசதியும் தசைப்பிடிப்பும் வேறு ஐம்பது காரணங்களாலும் வரும். அதனால் அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 'சீரம் மெக்னீசியம்' என்ற ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். பொதுவாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. லேப்புக்கு லேப் இது சற்று மாறும்.

இந்த டெஸ்ட்டிலும் ஒரு குறை உண்டு. உடம்பின் மெக்னீசியத்தில் 1 சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அதனால் ரத்தத்தில் சரியாகக் காட்டினாலும் உள்ளே இருப்பு குறைந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் இயல்பின் கீழ் எல்லையை ஒட்டி இருந்தால், உங்கள் மாத்திரைகள், பொட்டாசியம் அளவு, இ.சி.ஜி. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நாமே முடிவு செய்யக்கூடாது.

ஹார்ட் அட்டாக்குக்கு மெக்னீசியம்: மூன்று ஆய்வுகள் சொன்ன பாடம்

மெக்னீசியத்தை டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை, மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன என்றெல்லாம் சில வீடியோக்களில் சொல்வார்கள். உண்மை நேர் எதிரானது. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு மெக்னீசியம் கொடுத்தால் பிழைப்பார்களா என்று உலகமே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது.

1992: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 'லிமிட்-2' என்ற ஆய்வு நடந்தது. ஹார்ட் அட்டாக் என்ற சந்தேகத்தோடு வந்த 2,316 பேரில் ஒரு பாதிக்கு மெக்னீசியம் ஊசி வழியாகவும், மறு பாதிக்கு வெறும் உப்பு நீரும் கொடுக்கப்பட்டது. 28 நாட்களில் இறந்தவர்கள் மெக்னீசியம் பிரிவில் 7.8 சதவீதம், மற்ற பிரிவில் 10.3 சதவீதம். அதாவது சாவு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது! விலை மலிவான, எங்கும் கிடைக்கும் மருந்து. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

1995: அடுத்து 'ஐசிஸ்-4'. 58,050 பேர் பங்கேற்ற பிரம்மாண்ட ஆய்வு. 35 நாட்களில் இறந்தவர்கள் மெக்னீசியம் கொடுத்தவர்களில் 7.64 சதவீதம், கொடுக்காதவர்களில் 7.24 சதவீதம். பலன் எதுவும் இல்லை. மூன்று வருடம் முன்பு வந்த நம்பிக்கை அப்படியே சரிந்தது. "மருந்தை லேட்டாகக் கொடுத்துட்டாங்க, அதான் வேலை செய்யலை" என்று சிலர் வாதாடினார்கள்.

2002: அந்த வாதத்தையும் சோதித்துவிடலாம் என்று 'மேஜிக்' என்ற ஆய்வு நடந்தது. ஆபத்து அதிகம் உள்ள 6,213 நோயாளிகளுக்கு, நெஞ்சு வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை. முடிவு? இறந்தவர்கள் மெக்னீசியம் பிரிவில் 15.3 சதவீதம், மற்ற பிரிவில் 15.2 சதவீதம். எந்த வித்தியாசமும் இல்லை.

இதற்குப் பிறகு ஹார்ட் அட்டாக் வந்த எல்லோருக்கும் மெக்னீசியம் கொடுக்கும் யோசனை கைவிடப்பட்டது. குறைபாடு இருந்தால், அல்லது நாம் மேலே சொன்ன டோர்சாட் மாதிரி துடிப்புக் கோளாறு வந்தால் மட்டும் கொடுக்கிறார்கள்.

இவை ஊசி வழியாகக் கொடுத்த ஆய்வுகள், தினமும் போடும் மாத்திரை பற்றியவை அல்ல. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. உடம்புக்கு முக்கியமான ஒரு பொருள், ஒரு ஆய்வில் நல்ல பலன், கேட்டால் நியாயமாகப் படும் விளக்கம் என மூன்றும் இருந்தும், கடைசியில் அது பொய்த்துப் போகலாம்.

சரி, மாத்திரையாகச் சாப்பிட்டால் பலன் உண்டா?

பி.பி.: கொஞ்சம் குறையும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, 34 சோதனைகளில் பங்கேற்ற 2,028 பேரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தது. தினமும் சுமார் 368 மில்லிகிராம் மெக்னீசியத்தை மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு 2 புள்ளியும், கீழ் அளவு 1.78 புள்ளியும் குறைந்தது. 150 இருந்தால் 148 ஆகும், அவ்வளவுதான். "மெக்னீசியம் ஆரம்பிச்சுட்டேன், பி.பி. மாத்திரையை விட்டுட்டேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். பொருட்களின் லேபிளில் மெக்னீசியமும் பி.பி.யும் பற்றி எழுத 2022-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தபோதுகூட, ஆதாரம் சீராகவும் இல்லை, முடிவானதாகவும் இல்லை என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொன்னது.

ஹார்ட் ஃபெயிலியர்: 2009-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கடுமையான ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 79 பேரில் மெக்னீசியம் ஓரோடேட் எடுத்தவர்களில் அதிகம் பேர் ஓராண்டு தாண்டிப் பிழைத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 79 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. 2,316 பேரிடம் கிடைத்த முடிவே பெரிய ஆய்வில் நிற்கவில்லை என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

கால் பிடிப்பு: வயதானவர்களுக்கு வரும் தசைப்பிடிப்பை மெக்னீசியம் தடுக்க வாய்ப்பு குறைவு என்று 2020-ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லியது. இதய நோயாளிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்பு மாத்திரையாலும் தசை வலி வரலாம். பொட்டாசியம் குறைந்தாலும் வரலாம். நடந்தால் கெண்டைக்காலில் வலித்து, நின்றால் சரியாகிறது என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். மெக்னீசியம் போட்டுக்கொண்டு காத்திருந்தால் உண்மையான காரணம் தெரியாமலேயே போய்விடும்.

அடுத்த ஹார்ட் அட்டாக்கைத் தடுக்குமா? ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்து, அட்டாக்கும் சாவும் குறைகிறதா என்று பார்த்து "ஆம்" என நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

கிட்னி சரியில்லை என்றால் ஏன் ஆபத்து?

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்னது ஞாபகம் இருக்கா? அதிகமான மெக்னீசியத்தை வெளியே அனுப்புவது கிட்னி. கிட்னி நன்றாக இருப்பவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கோடு போய்விடும். கிட்னி பழுதானவருக்கு அது வெளியே போக வழியில்லை. ரத்தத்திலேயே சேரும்.

முதலில் குமட்டல், முகம் சூடாகிச் சிவப்பது, சோர்வு. பிறகு தசைகள் தளரும், பி.பி. இறங்கும், இதயத் துடிப்பு மெதுவாகும். கடைசியில் மூச்சும் இதயமும் நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். அப்போது ரத்தக்குழாய் வழியாகக் கால்சியமும், டயாலிசிஸும் தேவைப்படும்.

இதய நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை, பி.பி. காரணமாகக் கிட்னியும் ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கும். ஆரம்பக் கட்டத்தில் அது அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் கிரியாட்டினின் டெஸ்ட் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்கிறோம். அந்த ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்ற எண் 30-க்குக் கீழே இருந்தால், டாக்டரே கொடுத்துக் கண்காணித்தால் தவிர, மெக்னீசியம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். மெக்னீசியம் சத்து மாத்திரையில் மட்டும் இல்லை. மலச்சிக்கலுக்குக் குடிக்கும் வெள்ளை நிற 'மில்க் ஆஃப் மெக்னீசியா', நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பல ஆன்டாசிட் சிரப்புகள், பேதி உப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹார்ட் ஃபெயிலியரில் தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொல்வதால் மலச்சிக்கல் சகஜம். அதற்கு இவற்றை வாரக்கணக்கில் குடித்துக்கொண்டே சத்து மாத்திரையும் போட்டால் அளவு எங்கேயோ போய்விடும்.

எந்த மருந்துகளோடு கவனம் தேவை?

- ரோசுவாஸ்டாடின்: அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த ஆன்டாசிட்டை இதோடு சேர்த்துக் குடித்தால், உடம்பில் சேரும் மருந்தின் அளவு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்தே ஆன்டாசிட் குடிக்க வேண்டும்.
- டிகாக்சின்: மெக்னீசியம் குறைந்தால் இந்த மருந்தின் நச்சுத்தன்மை கூடும். மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட்டைச் சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேர்வதே குறையும். இரண்டு பக்கமும் சிக்கல், டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்.
- அமியோடரோன், சோட்டலால்: துடிப்புக் கோளாறுக்கான இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் அதை டெஸ்ட் எடுத்துத்தான் செய்ய வேண்டும்.
- ஸ்பைரனோலாக்டோன், அமிலோரைடு: இவை மெக்னீசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும். இதை எடுப்பவருக்குக் கூடுதல் மாத்திரை தேவைப்படாமலே இருக்கலாம்.
- தைராய்டு மாத்திரை: மெக்னீசியத்துக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும்.
- டாக்சிசைக்கிளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள்: மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்யாது.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் லேபிளில் எதைப் பார்க்கணும்?

பாட்டில் முன்னால் '1000 மில்லிகிராம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது முழுவதும் மெக்னீசியம் இல்லை. மெக்னீசியம் கிளைசினேட் என்றால் அதில் சுமார் 14 சதவீதம்தான் மெக்னீசியம். அதாவது 1000-ல் 140 மில்லிகிராம். சிட்ரேட்டில் சுமார் 16 சதவீதம். ஆக்சைடில் 60 சதவீதம், ஆனால் குடல் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும். வயிற்றுப்போக்கும் அதில் அதிகம். பின்பக்கம் 'எலிமென்டல் மெக்னீசியம்' என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்பதுதான் உண்மைக் கணக்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு? அமெரிக்கக் கணக்குப்படி ஆண்களுக்கு 400 முதல் 420, பெண்களுக்கு 310 முதல் 320 மில்லிகிராம் வரை தேவை. இது சாப்பாட்டையும் சேர்த்து. மாத்திரையாக எடுப்பதற்கு அங்கே உச்ச வரம்பு 350 மில்லிகிராம். ஐரோப்பாவில் 250. இந்த வரம்புகள் ஆரோக்கியமானவர்களுக்கு. குறைபாடு உள்ளவருக்கு டாக்டர் இதைவிட அதிகமாகவும் கொடுக்கலாம், கிட்னியைப் பார்த்துக் குறைக்கவும் செய்யலாம்.

மெக்னீசியம் ஆரம்பித்து வயிற்றுப்போக்கு வந்தால் "பழகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் நீரும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கிவிடும். எதற்காக ஆரம்பித்தோமோ அதற்கே எதிராக முடியும்.

இன்னொன்று: சத்துப் பொருள் என்று விற்கப்படும் பாட்டில்கள் இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகின்றன. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது விதி. இதயத்தைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் சொல்கிறது, லேபிளோ மருந்து இல்லை என்கிறது. எதை நம்புவது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

நல்லாவே கிடைக்கும். 10 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2016-ல் தொகுத்துப் பார்த்தபோது, சாப்பாட்டில் தினமும் 100 மில்லிகிராம் மெக்னீசியம் கூடுதலாக எடுத்தவர்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வருவது 22 சதவீதமும், பக்கவாதம் 7 சதவீதமும் குறைவாக இருந்தது. ஹார்ட் அட்டாக் தொடர்பான கரோனரி இதய நோயில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பலனும் மெக்னீசியத்தால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. கீரை, பயறு, முழு தானியம் சாப்பிடுபவர்களுக்கு நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாமே சேர்ந்து கிடைக்கிறதே!

எதில் எவ்வளவு இருக்கிறது?

- பூசணி விதை, ஒரு கைப்பிடி (28 கிராம்): சுமார் 156 மில்லிகிராம்
- பாதாம், 28 கிராம்: சுமார் 80
- வேகவைத்த பசலைக்கீரை, அரை கப்: சுமார் 78
- வேர்க்கடலை, கால் கப்: சுமார் 63
- வாழைப்பழம், ஒன்று: சுமார் 32

தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு சேர்ந்து மெக்னீசியமும் போய்விடுகிறது. கேழ்வரகு, கம்பு, சோளம், தீட்டாத அரிசி ஆகியவற்றில் பல மடங்கு அதிகம். மூணு வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி என்று ஓடும் வீட்டில், ஒரு வேளையைக் கேழ்வரகுக்கோ கம்புக்கோ மாற்றினாலே நல்ல வித்தியாசம் வரும்.

ஆனால் இதிலும் மூன்று பேருக்கு எச்சரிக்கை. கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த உணவுகளில் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம். வால்வு மாற்றி வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேகம் குறைந்துவிடும், அதனால் தினமும் ஒரே அளவில் சாப்பிடுவதே சரி. ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் உப்பு போட்டு வறுத்த கடலை, பாதாமைத் தவிர்க்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆன்டாசிட் பாட்டில் உள்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்:

1. நான் சாப்பிடும் மாத்திரைகளில் எது மெக்னீசியத்தைக் குறைக்கும்?
2. மெக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
3. குறைவாக இருந்தால் மாத்திரை வேண்டுமா, இல்லை மருந்தை மாற்றினாலே போதுமா?
4. எத்தனை நாள் சாப்பிட வேண்டும், மறுபடி எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும்?

ஏற்கெனவே நீங்களாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார் என்று சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

எப்போது உடனே மருத்துவமனை போகணும்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், திடீரென்று தாறுமாறாகத் துடிக்கும் இதயம், கை கால் தளர்ந்து எழுந்திருக்க முடியாத நிலை. இதில் எது வந்தாலும் மெக்னீசியம் குறைவா, அதிகமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.